எடை கூடிய இதழ்

போன வாரம் அட்டைக்காரர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினோம் என்பது இன்று காலை பல் தேய்க்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

மனைவி போனதிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். டீ வேண்டுமா என்றால் ஆட்டினார். டீ குடித்தாயிற்றா என்றாலும் ஆட்டினார். அந்த வரிசையில் மகன் வந்து, "அப்பா, உங்க பத்திரிகை எல்லாத்தையும் முகப்போவியப் பேரவைக்குக் கொடுத்துடலாம்பா. உங்க பேர்ல ஒரு அரங்கமே வைக்கறாங்களாம்" என்றபோதும் ஆட்டிவிட்டார். மகன் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வேன் பேசிவிட்டான்.

வேன் நாளைக் காலை வருகிறது. இன்றைக்குப் பேரவைத் தலைவர் வந்து பார்வையிடுகிறார்.

அட்டைக்காரர் என்பது தெரு கூடி வைத்த பெயர். வேலையில் இருந்த காலத்தில் அவர் மீட்டர் பார்க்கிறவர். வாசல் சுவரில் இருக்கும் மின்சார மீட்டரைப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. வாரப் பத்திரிகைகளையும் அதே முறையில்தான் சேர்த்தார். ஓவியர் கையால் வரைந்த அட்டைப்படம் என்றால் போதும், கடையில் தொங்கும்போதே வாங்கிவிடுவார். தவறவிட்டதைப் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடிப்பார். தூசி தட்டி, கண்ணாடித்தாள் உறையில் போட்டு, அலமாரியில் நிற்க வைப்பார். உள்ளே புரட்டியதில்லை. புரட்டினால் முதுகு மடங்கும்.

மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களிலும் இந்த ஒழுங்கு குலையவில்லை. தினமும் சாயங்காலம் ஓர் இதழை எடுத்துக்கொண்டு அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து துடைப்பார். எப்போதும் ஒரே இதழ். வெயிலில் சிவப்புக் குடை பிடித்துச் சிரிக்கும் ஒரு பெண். வீட்டில் அதற்குக் குடைக்காரி என்று பெயர்.

"நிறத்தைப் பாரேன்" என்பார்.

"பார்த்தாச்சு. திறந்துதான் பாருங்களேன்" என்பாள் அவள்.

"உள்ள என்ன இருக்கப் போவுது? பழைய கதைதான்."

அவள் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அவள் போன அன்று வந்தவர்கள் எல்லாரும் வாய்விட்டு அழுதுவிடச் சொன்னார்கள். அவரும் முயன்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மின்சாரம் நின்ற வீட்டில் மீட்டர் சக்கரம் அசையாமல் நிற்குமே, அப்படி இருந்தது உள்ளே. துக்கம் கேட்க வந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

*

தலைவர் வெள்ளைக் கையுறையோடு வந்தார். படியேறும்போதே போட்டுக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. கைப்பிடிச் சுவரின் கரி விரல்களில் ஒட்டியிருந்தது. முகப்போவியப் பேரவையின் மொத்த உறுப்பினர்களும் ஒரே காரில் அடங்குவார்கள் என்றாலும், அதன் தலைவருக்கு 'முகப்புச் செம்மல்' என்று ஒரு பட்டம் இருந்தது. கொடுத்தது பேரவை. பேரவைக்குப் பரிந்துரைத்தது தலைவர்.

"ஐயா, தாங்கள் சேகரிப்பாளர் அல்லர். தாங்கள் ஒரு சகாப்தம்" என்றார் அவர், நாற்காலியில் உட்காரும் முன்பே.

அட்டைக்காரர் தலையாட்டினார்.

மகன் ஓடிப்போய் மின்விசிறியைத் தலைவர் பக்கம் திருப்பினான். அவன் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கிறவன். யார் உட்கார்ந்தாலும் மின்விசிறியைத் திருப்பி வைப்பது தொழிலில் வந்த பழக்கம். அப்பா பெயரில் அரங்கம் என்றதிலிருந்து அவன் நடையே மாறியிருந்தது. அரங்கத்துப் பெயர்ப்பலகைக்கு எந்தப் புகைப்படத்தைக் கொடுப்பது என்று நேற்றெல்லாம் யோசித்து, கடைசியில் தானும் பக்கத்தில் நிற்கும் படமாகத் தேர்ந்தெடுத்திருந்தான்.

தலைவர் நேரே சுவரில் மாட்டியிருந்த சட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். அதுதான் வீட்டின் மகுடம். கண்ணாடிக்குள் ஒரு முழு இதழ். அட்டையில் ஒரு துறைமுகம், ஒரு கப்பல், கையில் பெட்டியோடு நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். கடையில் வாங்கிய அன்றே அட்டைக்காரர் அதைச் சட்டக்காரரிடம் கொடுத்துக் கண்ணாடி போட்டு, மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்.

"முகம் காட்டாத இந்த முதுகு இருக்கிறதே…" தலைவர் கண்ணை மூடினார். "இது முதுகே அல்ல. தத்துவம்."

"ஆமா சார்" என்றான் மகன்.

டீ கொண்டுவந்த மருமகள் தட்டோடு நின்றாள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. எதையும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்கிற கண்.

"அந்தப் பொண்ணு எங்க போறா சார்?" என்று கேட்டாள்.

"அவள் எங்கும் போகவில்லை அம்மா. அவள் ஒரு குறியீடு."

"ஓ. பெட்டி எல்லாம் எடுத்துட்டு வந்திருக்காளேன்னு கேட்டேன்."

மகன் முறைத்தான். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கைப்பையோடு திரும்பி வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே மாமனார் பக்கம் குனிந்து தணிந்த குரலில் சொன்னாள்:

"மாமா, எதை வேணா கொடுங்க. குடைக்காரி மட்டும் இருக்கட்டும். அதைக் கொடுத்துடாதீங்க. சரியா?"

அட்டைக்காரர் தலையாட்டினார். அவளும் நம்பிப் போய்விட்டாள்.

*

பேரவையின் கொள்கை சுவரொட்டிக்கு ஏற்ற அளவில் இருந்தது: திறந்த இதழ், இறந்த இதழ். எனவே தலைவர் எதையும் திறப்பதில்லை. எடை போடுவார். பையிலிருந்து ஒரு சின்ன மின்தராசை எடுத்து மேஜையில் வைத்தார். எந்தப் பத்திரிகை எந்தக் காலத்தில் எவ்வளவு கனம் இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். எடை குறைந்தால் உள்ளே பக்கம் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். சரியாக இருந்தால் முழுமை. தாளைக் கையால் தொட்டுப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிற இந்தத் திறமையைப் பற்றி அவரே ஒரு சொற்பொழிவு ஆற்றியிருக்கிறார்.

"முழுமை" என்றார் தலைவர், ஒன்றை வைத்து எடுத்து. "முழுமை. முழுமை. அடடா, முழுமை."

மகன் ஒவ்வொரு முழுமைக்கும் ஒரு முறை அப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

குடைக்காரி தராசில் ஏறினாள். தலைவர் எண்ணைப் பார்த்தார். எடுத்து மறுபடி வைத்தார். கையுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எடை கூடுகிறது!"

"அது தப்பா சார்?" என்றான் மகன், பயந்துபோய்.

"தப்பா? தம்பி, உள்ளே ஓர் இணைப்பு இருக்கிறது! அந்த வாரம் சில பிரதிகளோடு மட்டும் இலவச இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். அது கலையாமல் அப்படியே உறங்குகிறது. உலகத்திலேயே இது ஒன்றுதான் மிச்சம்!" தலைவரின் குரல் தழுதழுத்தது. உலகத்தை எப்போது எண்ணிப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. "ஐயா, இதை வேனில் அனுப்ப மனம் ஒப்பாது. நானே கையோடு கொண்டுபோகிறேன். நாளை அரங்க விழா மேடையில் கெட்டிக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துச் சீல் போட்டுவிடுவோம். அப்புறம் பேழையை உடைத்தால் ஒழிய, யாராலும் இதைத் திறக்க முடியாது. எடுத்துக்கொள்ளலாமா?"

சற்றுமுன் மருமகள் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள் என்று அட்டைக்காரருக்கு மங்கலாக ஞாபகம் வந்தது. என்ன என்று பிடிபடுவதற்குள் தலை ஆடிவிட்டது.

*

மதியத்துக்கு மேல் அப்பாவும் மகனும் அட்டைப்பெட்டிகளில் இதழ்களை அடுக்கினார்கள். மகன் விழாவில் பேசப்போவதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஒட்டுநாடாவைக் கிழித்தான். "எங்க அப்பா எங்களுக்குச் சொத்து சேர்க்கல…" என்று ஆரம்பித்து, அது குறைசொல்வது போல இருக்கிறதோ என்று நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தான்.

அட்டைக்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். எடுத்தார், கொடுத்தார். எதையும் பிரிகிற மாதிரி இல்லை. மனைவியின் புடவைகளை மூட்டை கட்டியபோதும் இப்படித்தான் இருந்தது. துணி மடித்தது போலத்தான் இருந்தது.

ஓர் உறையின் வாய் பிய்ந்து, இதழ் வழுக்கித் தரையில் விழுந்தது. விழுந்ததும் விரிந்தது.

நடுவே செய்தித்தாள் இருந்தது.

பத்திரிகையின் அளவுக்கே ஒட்ட வெட்டிய செய்தித்தாள். பக்கங்கள் போன இடத்தில் அதை வைத்து, முதுகோடு வெள்ளை நூலால் தைத்திருந்தது. மழை நிலவரம். ஒரு கட்டிடத் திறப்பு விழா. தையல் அவ்வளவு நேர்த்தி.

அவர் இன்னொன்றை எடுத்து, உறையிலிருந்து உருவிப் பிரித்தார். அதிலும் அப்படியே. முதுகு மடங்குவதை இப்போது யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவதில் நூலின் நிறம் மட்டும் நீலம்.

மகன் ஒட்டுநாடாவைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்தான். "அப்பா… இது யார் வேலை?"

அவர் நூலை விரலால் தடவிப் பார்த்தார். அவர் சட்டைப் பித்தான்கள் எல்லாம் இதே தையலில்தான் நின்றுகொண்டிருந்தன.

"உங்க அம்மா" என்றார்.

"எல்லாத்துலயுமா?"

இன்னும் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். தொடர்கதை வந்த இதழ் ஒவ்வொன்றிலும் கதை இருந்த பக்கங்களைக் காணோம்.

மகன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான். கொஞ்ச நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பிறகு அவனுக்குள் இருந்த விற்பனைக்காரன் விழித்துக்கொண்டான்.

"அப்பா, ஒண்ணும் பதறாதீங்க."

அவர் பதறவில்லை.

"தலைவர் எடை போட்டாச்சு. முழுமைன்னு அவர் வாயாலயே சொல்லியாச்சு. திறக்கக்கூடாதுங்கறது அவங்க கொள்கை. அவங்களே திறக்க மாட்டேங்கறப்போ நாம எதுக்குப்பா வாயைத் திறக்கணும்? அரங்கத்துல கண்ணாடிக்குள்ளதான் வைக்கப்போறாங்க. அட்டை நல்லா இருக்கு. அட்டைதானே எல்லாம்?"

அட்டைதானே எல்லாம். இதை அவரே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். வேறொருவர் வாயிலிருந்து கேட்கும்போது வாக்கியம் கொஞ்சம் மெலிந்திருந்தது.

*

சாயங்காலம் மருமகள் வந்தபோது கூடம் முழுக்கப் பிரித்த இதழ்களும் செய்தித்தாளுமாகக் கிடந்தன. அவள் ஒரு பார்வை பார்த்தாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள். ஆச்சரியப்படவில்லை என்பதை அட்டைக்காரர் கவனித்தார்.

"உனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும் மாமா."

"எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க" என்றான் மகன்.

"அதுக்கு எங்க உதவி எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு அவள் உள் அறைக்குப் போனாள்.

திரும்பி வரும்போது கையில் தலையணை அளவுக்குத் தடியான ஒரு புத்தகம் இருந்தது. அட்டைக்காரருக்கு அதைத் தெரியும். மனைவியின் கட்டிலருகே மேஜை மின்விசிறியை உயர்த்தி வைப்பதற்கு அடியில் கொடுத்திருந்த பொருள். ஏதோ துணி சுற்றிய பலகை என்று நினைத்திருந்தார். சுற்றியிருந்தது இந்த வீட்டின் பழைய ஜன்னல் திரைத்துணி. தையல் மெஷின் பெட்டிக்குள்ள இதே மாதிரி இன்னும் இருக்கு என்றாள் மருமகள். அவள் பிரித்துக் காட்டினாள். வாரா வாரம் வந்த அத்தியாயங்கள், படங்களோடு, வரிசையாக, ஒரே புத்தகமாகத் தைத்து.

"அத்தைக்குக் கதை வேணும். உங்களுக்கு அட்டை வேணும். ஒரே பத்திரிகையை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம், அவருக்குத்தான் தெரியாதுன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

அவர் பக்கங்களைத் தள்ளினார். ஒரு பெண், ஒரு பெட்டி, ஒரு துறைமுகம் போகும் ரயில். படத்தில் அவளுக்கு முகம் இருந்தது. கொஞ்சம் பிடிவாதமான முகம். கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சில் இருந்தது: முடிவு அடுத்த இதழில். அதோடு புத்தகம் நின்றது.

அவர் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார். பெட்டியோடு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள் அவள், இத்தனை வருஷமாக, அவர் வீட்டுக் கூடத்தில்.

"அந்தப் பொண்ணு யாருன்னு இப்பத் தெரியுதா மாமா?"

அன்று சட்டத்தை மாட்டி ஆணியைச் சரிபார்த்தபோது மனைவி கை துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். அதுல ஒரு நாலு பக்கம் மட்டும் படிச்சிட்டுத் தரட்டுமா என்றாள். கண்ணாடி போட்டாச்சே என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அட்டைக்காரர் எழப் பார்த்தார். "அதைக் கழட்டு."

"அதுல இல்ல மாமா" என்றாள் மருமகள். "போன மழைக்காலத்துலயே எடுத்துட்டேன். நீங்க மருந்து வாங்கப் போன நேரத்துல. கண்ணாடிக்கடை ஸ்க்ரூடிரைவர் கைப்பையிலயே இருக்கும் இல்ல? பின்பக்கப் பலகையைக் கழட்டி, பக்கத்தை மட்டும் உருவிட்டு, அப்படியே மூடிட்டேன். அட்டைக்கு ஒரு கீறல் இல்ல."

"படிச்சாளா?"

"அவங்களுக்கு அப்போ கண்ணு மங்கி எழுத்து தெரியல. நான்தான் படிச்சேன். கப்பல் சங்கு ஊதுது, அவ பெட்டியைத் தரையில வைக்கறா. அந்த இடத்துல போதும் நிறுத்துன்னுட்டாங்க."

"ஏன்?"

மருமகள் புத்தகத்தின் திரைத்துணியை நீவினாள்.

"மீதிய அவர் வாயால கேட்டுக்கறேன்னாங்க. நீயும் படிக்கக்கூடாது, அவர்கிட்டச் சொல்லவும் கூடாது, அவராத் திறக்கணும்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. அதுக்கு மேல நான் ஒரு வரி பார்க்கல மாமா. அவ கப்பல்ல ஏறினாளா இல்லையான்னு எனக்கும் தெரியாது."

"அந்தப் பக்கம் எங்க?"

அவள் திரும்பினாள். அலமாரியைப் பார்த்தாள். அங்கே வெறும் தட்டுகள்தான் இருந்தன.

"அவர் தினமும் எதைக் கையில எடுக்கறாரோ அதுக்குள்ள வைன்னாங்க. என்னிக்காவது ஒரு நாள் திறக்காமயா போயிடுவார்ன்னாங்க." குரல் இறங்கியது. "குடைக்காரி எங்க மாமா?"

மகன் ஒட்டுநாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கணக்கு விளங்கிவிட்டது: உலகத்திலேயே ஒன்றுதான் மிச்சம் என்ற அந்த இணைப்பு.

தினமும் சாயங்காலம். கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில். அவர் துடைத்துக்கொண்டிருந்தார்; அவள் காத்துக்கொண்டிருந்தாள். திறந்துதான் பாருங்களேன். இதை நினைத்ததும் ஏதாவது வரும் என்று அட்டைக்காரர் கொஞ்சம் காத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை அது வராதது வேறு மாதிரி இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி.

"தலைவர் வீடு எங்க இருக்கு?" என்றார்.

மகன் வழிமறித்து நின்றான். "அப்பா, போய் என்ன சொல்லப் போறீங்க?"

"திறக்கணும்னு."

"ஒண்ணைத் திறந்தா மத்ததையும் திறப்பாங்கப்பா. எல்லாத்துக்குள்ளயும் மழை நிலவரம்தான் இருக்கும். அரங்கமும் போச்சு, உங்க பேரும் போச்சு. ஊரே சிரிக்கும். நாளைக்கு ஒரு நாள் பொறுங்க. சீல் போட்டுட்டா அப்புறம் யாராலயும்…" அவன் பாதியில் நிறுத்தினான். என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கே கேட்டது.

"சரியாப்பா?" என்றான் தணிந்து.

அட்டைக்காரர் தலை ஆடவில்லை. மனைவி போனதற்கு அப்புறம் முதல் தடவையாக அது அசையாமல் இருந்தது. மருமகள் அதைப் பார்த்தாள். ஓடிப்போய் ஆணியிலிருந்து கைப்பையை எடுத்தாள். ஸ்க்ரூடிரைவர் அதில்தான் இருந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மதியத்திலிருந்து சப்பணமிட்டு உட்கார்ந்ததில் ஒரு கால் மரத்துப் போயிருந்தது. ஊன்றியதே தெரியவில்லை, தடுமாறி மருமகளின் தோளைப் பிடித்தார்.

"உதறுங்க மாமா."

உதறினார். ஒன்றுமில்லை. வேறு யாருடைய காலோ போல இருந்தது. வாசற்படியில் வைத்து இன்னொரு முறை உதறினார்.

குத்த ஆரம்பித்தது.